சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட மோட்டார்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட என் தோழர்களே, தோழிகளே! நேற்று எங்கள் தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்கிறவர் தன் இயந்திரத்தைக் கிளப்பினார். நீங்களாக இருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள். நான் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். "புகையைக் குடிச்சுட்டு நாளைக்கு இருமாதே" என்று உள்ளே இருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. அவருக்கு என்ன தெரியும்? அந்தச் சத்தம் என் அத்தை வீட்டு மோட்டாரின் சத்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். அம்மாவுக்கு இரண்டாவது கர்ப்பம் சிக்கலாகி, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்த கையோடு அப்பா என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏற்றி, சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில், தன் ஒரே தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரவில்லை என்று அந்தக் காலத்தில் யாரும் தந்தி அடிக்கமாட்டார்கள்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலோரத்தில் ஒருவர் செத்தால் எல்லோரும் கடலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மாமா விஷயத்தில் கடல் மேல் எந்தப் பழியும் இல்லை. மஞ்சள் காமாலை வந்து, கயிற்றுக் கட்டிலில் கிடந்து போனார்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மூலையில் யாரோ லுங்கி கட்டிக்கொண்டு குந்தியிருப்பதாக நினைத்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அத்தை சிரித்தாள்.

"இன்னாடி அப்படிப் பாக்குற? உங்க மாமா மோட்டாரு அது. கடிக்காது."

மரச்சட்டத்தில் நிறுத்தி, மாமாவின் பழைய லுங்கியால் போர்த்திவைத்திருந்தாள். படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். மாமா வாங்கும்போதே அது கிழம். மகாபலிபுரத்தில் எப்போதோ வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது என்று சொல்வார்கள். உச்சியில் ஒரு சக்கரம், அதன் பக்கத்தில் உருண்டையாக ஒரு பித்தளை டாங்கி, கீழே நீளமான ஒற்றைக் கால், காலின் நுனியில் விசிறி. பச்சைப் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. இதைக் கிளப்ப, மரக்கைப்பிடி போட்ட ஒரு கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி, வெடுக்கென்று இழுக்கவேண்டும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது மாதிரிதான். அந்தக் கயிறு சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் கைப்பிடி ஒரு பக்கம் தேய்ந்து, மாமாவின் உள்ளங்கை வளைவிலேயே இருந்தது. அந்தக் கைப்பிடி இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. எத்தனையோ சாமான்கள் தொலைந்திருக்கின்றன, இது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு காட்சி பார்த்தேன். அத்தை நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுடவைத்து, ஒரு மிளகைப் போட்டுப் பொரித்தாள். லுங்கியை அவிழ்த்துவிட்டு மோட்டாருக்குத் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்தாள். பிறகு அதன் நெற்றியில் இருந்த பிளக்கைத் திருகிக் கழற்றி, குழந்தைகளுக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் எண்ணெய் எடுத்து, அந்தத் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். கடைசியில் சாம்பிராணி காட்டினாள். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. புகை கூரைக்கீற்று வழியாக விழுந்த வெயிலில் மெல்ல ஏறியது. ஒரு பெரிய பச்சைக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

"எதுக்கு அத்தை சனிக்கிழமை?"

"பொம்பளைங்களுக்கு வெள்ளி, ஆம்பளைங்களுக்குச் சனி. தெரியாதா ஒனக்கு? இது உங்க மாமாவோடது. ஆம்பளதான்."

மோட்டார் ஒருதரம் கடலில் விழுந்துவிட்டபோது மாமா கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டதை அத்தை பார்த்திருக்கிறாள். உப்புக் காற்றில் எந்த இரும்பும் எண்ணெய் இல்லாமல் பிழைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அரிவாள்மனைக்கே வாரம் ஒருமுறை எண்ணெய் தடவுகிற வீடு அது. ஆகவே மாமா போனதிலிருந்து ஒரு சனி தவறாமல் அவள் அதைக் குளிப்பாட்டி வந்தாள். குப்பத்தில் இதைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கோ அதில் ஒரு விபரீதமும் தெரியவில்லை. வீட்டில் ஒருத்தர் இருந்தால் குளிப்பாட்டத்தானே வேண்டும்?

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். வந்தவர் என்னைவிட மோட்டாரைத்தான் அதிகம் முறைத்தார்.

"இத்த பழைய இரும்புக்குப் போட்டுட்டு எங்கூட வா. செங்கல்பட்டுல ஒனக்குன்னு ஒரு ரூமு கீது. இங்க இன்னா கீது ஒனக்கு?"

"இங்க நான் கீறேன் இல்ல?" என்றாள் அத்தை.

"எத்தினி நாளிக்கு அடுத்தவங்க வலையில கூலிக்கு மீன் ஆஞ்சிக்கினு இருப்ப? மாசி மகத்துக்கு வரேன். வந்து ரெண்டு பேரையும் கூட்டிகினு போறேன். அவ்ளோதான்."

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று நான் அப்படித்தான் கட்டினேன். கடலுக்குப் போக மனமில்லாமல் படித்து, நாற்காலி வேலைக்குப் போனவர் அவர். தான் மட்டும் தப்பித்து, தங்கையை அங்கேயே விட்டுவிட்டதாக அவருக்குள் ஒரு குடைச்சல். அது அன்பாக வராமல் அதட்டலாக வந்தது. அந்தத் தலைமுறை ஆண்களுக்கு எல்லாமே அதட்டலாகத்தான் வரும்.

அத்தைக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அங்கே ஒரு படகு பிடித்துவரும் மீனைப் பங்கு போடுவார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போய்வந்த ஆளுக்கு ஒரு பங்கு, மோட்டார் இருந்தால் மோட்டாருக்கும் தனியாக ஒரு பங்கு. மோட்டாரா மீன் தின்னப் போகிறது? அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். மோட்டார் ஓடினால் அத்தை கடலுக்குப் போகாமலே கடலில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு. யார் வீட்டு ரூமும் வேண்டாம். மாமாவின் பழைய கூட்டாளியான படகுக்காரரிடம் பேசியும் வைத்திருந்தாள்.

"மாசி மகத்துக்குள்ள ஓட வை தங்கச்சி. என் படகுல மாட்டிக்கிறேன்," என்றார் அவர். "ஓடலன்னா நான் வேற மோட்டாரு பாக்கணும். என் பொழப்பும் நடக்கணும் இல்ல?"

மகாபலிபுரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவர். கூலிங் கிளாஸைக் கழற்றாமலே எல்லாவற்றையும் பரிசோதிப்பார். மோட்டாரை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். குப்பமே கூடிவிட்டது. மெக்கானிக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். சக்கரம் அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். மோட்டாரோடு சேர்ந்து மரச்சட்டம் நகர்ந்ததே தவிர, சக்கரம் ஒரு மயிரிழை திரும்பவில்லை.

"டோட்டல் ஜாம்முக்கா. உள்ள உப்பு ஏறி துருப்புடிச்சிக்கினு கீது. சுத்தியால நாலு தட்டு தட்னா வுட்டுக்கும்."

"சுத்திய எடுத்தன்னா கைய ஒடச்சிடுவேன்," என்றாள் அத்தை.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துளையில் மூக்கை வைத்தார். முகம் மாறியது. "இன்னாக்கா இது, உள்ள இருந்து தாளிக்கிற வாசன வருது?"

அத்தை சொன்னாள். நல்லெண்ணெய், மிளகு, சனிக்கிழமை, எதையும் மறைக்கவில்லை. முதலில் மெக்கானிக் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "மோட்டாருக்குச் சளி புடிக்கக் கூடாதுன்னு மொளகு போட்டியா?" என்று ஒரு பெண் கேட்டாள். சிரிப்பு அடங்கியதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "இது முடிஞ்ச கேசு. வுட்ருக்கா," என்றார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. அத்தை லுங்கியை எடுத்து மோட்டாருக்குப் போர்த்தினாள். எனக்கு அங்கே இருந்த எல்லோரையும் கடிக்கவேண்டும் போல இருந்தது.

மறுநாள் அத்தை சாமி விளக்கைத் துலக்க எடுத்தாள். நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றுகிற பித்தளை விளக்கு. அதன் குழியில் எண்ணெய் இறுகிப் பழுப்பாக, பிசினாக ஒட்டிக்கிடக்கும், உங்கள் வீட்டு விளக்கிலும் பார்த்திருப்பீர்கள். நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். விரலைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் மோட்டாரின் துளைக்குள் அதே விரலை விட்டு எடுத்தாள். அதே பழுப்பு, அதே பிசின்.

"இது துரு இல்லடி," என்றாள். "பிசுக்கு. நான் ஊத்துன எண்ணெதான் பிசுக்காகி அத்த அப்படியே கெட்டியா புடிச்சிக்கினு கீது."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எத்தனையோ சனிக்கிழமைகள் ஆசை ஆசையாகச் செய்த காரியமே அதன் கழுத்தை நெரித்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அழுது முடித்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "வெளக்குல ஏறுனா எடுக்கத் தெரியிது. இதுல ஏறுனா எடுக்கத் தெரியாதா?" என்று எழுந்தாள்.

விளக்குக்குச் செய்வதையே மோட்டாருக்கும் செய்தாள். துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினாள். வெந்நீரில் முக்கிய கோணித்துணியை அதன் தலையைச் சுற்றிக் கட்டினாள். ஆறினால் மறுபடி வெந்நீர். மறுநாள் கவிழ்த்தால் வெல்லப்பாகு நிறத்தில் ஒழுகும். ரேஷன் மண்ணெண்ணெய் முழுக்க அதற்கே போயிற்று. எங்களுக்குச் சோறு சவுக்கு மிளாறில் வெந்தது. தினமும் காலையில் கயிற்றைச் சுற்றி மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். அசையாது. "நாளிக்குப் பாக்கலாம்" என்று கயிற்றை ஆணியில் மாட்டுவாள்.

அந்த நாட்கள் எனக்குள் வரிசையாக இல்லை. எல்லாம் ஒரே நீண்ட பிற்பகலாகக் கலந்து கிடக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் டச்சுக்காரர் கோட்டைக்குள் கல்லறைக் கற்கள் உண்டு, அவற்றில் கப்பலும் மண்டையோடும் செதுக்கியிருக்கும். நான் அந்தக் கப்பல் மேல் மல்லாந்து படுத்துக்கொள்வேன். கல்லின் சூடு முதுகில் ஏறும். சவுக்குத் தோப்பின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எது என்று தெரியாமல் கண் செருகிவிடும். ஒருநாள் அப்படித் தூங்கியபோது கனவில் அந்த மோட்டார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் தத்தித் தத்தி மணலில் இறங்கிக் கடலுக்குப் போனது. நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது. அதற்கு மாமாவின் முகம். மாமாவை நான் நேரில் பார்த்த ஞாபகமே இல்லை, போட்டோகூட அந்த வீட்டில் கிடையாது. ஆனாலும் அவர்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. விழித்தபோது கைகளில் மண்ணெண்ணெய் வாசனை இருந்தது.

ஒரு காலையில் அத்தை வழக்கம்போல் கயிற்றை இழுத்தாள். சக்கரம் நகர்ந்தது. கால் சுற்றுக்கூட இருக்காது. உள்ளே ஏதோ 'ம்' என்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை மறுபடி இழுக்கவில்லை. பயம்.

மெக்கானிக் திரும்ப வந்தார், கொஞ்சம் கூச்சத்தோடு. மேல்மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர், அன்றுதான் முதல்முறையாகக் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "ஒரு பொட்டுத் துரு இல்லக்கா! இந்த ஊருல போன வருசம் வாங்குன ஸ்கூட்டரு உள்ளகூட இப்படி இருக்காது. கண்ணாடியாட்டம் கீது!" அத்தையின் எண்ணெய் அதைக் கட்டிப்போட்டது என்னவோ உண்மை, உப்பையும் உள்ளே விடவில்லை. அத்தை எட்டிப் பார்த்தாள். "ம்" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மகத்துக்கு முதல் நாள் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டினார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியாயிற்று. மெக்கானிக் இழுத்தார். படகுக்காரர் இழுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கயிற்றைப் புதிதாகச் சுற்றவேண்டும். ஒருமுறை சக்கரம் எதிர்ப்பக்கம் உதைத்து, கயிறு துள்ளி, மெக்கானிக்கின் கூலிங் கிளாஸ் பறந்து டிரம்முக்குள் விழுந்தது. வெயில் ஏறியது. கூட்டம் கரைந்தது. அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அரிசி களைகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

படகுக்காரர் பீடியைப் பற்றவைத்துவிட்டு, யோசனையே இல்லாமல், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். டுப் என்றது. டுப், டுப் என்றது. பிறகு விடாமல் கத்த ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில் காக்கைகள் எழுந்து பறந்தன. டிரம் தண்ணீர் சுழன்று எல்லோர் மேலும் வாரியடித்தது. வெள்ளைப் புகை கிளம்பித் தெரு முழுக்கப் போர்த்தியது. அந்தப் புகையில் என்ன வாசனை என்கிறீர்கள்? அதிரசம் சுடுகிற வாசனை! அத்தனை வருட நல்லெண்ணெயும் காய்ந்து வெளியே வந்தது. "யார் வூட்லடி பலகாரம்?" என்று கேட்டுக்கொண்டே பெண்கள் வெளியே வந்தார்கள். அத்தை ஈர அரிசி ஒட்டிய கைகளோடு வாசலில் நின்றாள். புகையில் அவள் பாதிதான் தெரிந்தாள்.

"போதுமாக்கா? நிறுத்திடட்டா?" என்று மெக்கானிக் கத்தினார்.

"நிறுத்தாத," என்றாள் அத்தை. "ஓடட்டும். ஓடட்டும்."

பெட்ரோல் தீரும் வரை அது ஓடியது. அது தீரும் வரை அவளும் நகரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை இன்னொருவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

மகத்தன்று அப்பா காலை பஸ்ஸில் வந்தார். தம்பி பிறந்திருக்கிறான், அம்மா நன்றாக இருக்கிறாள் என்றார். அத்தை சர்க்கரை அள்ளி என் வாயில் போட்டாள். சாமி கடலுக்கு வந்தது, மேளம் அடித்தார்கள், அலையில் நின்று எல்லோரும் தலை முழுகினோம். ஆனால் அப்பாவின் பேச்சு மாறவில்லை.

"டிரம்முல ஓடுனா ஆச்சா? கடல்ல ஓடணும். நாளிக்குப் படகு திரும்பட்டும், பாக்கலாம். நீ இப்பவே பெட்டியக் கட்டி வை."

அத்தை பெட்டியில் துணிகளை எடுத்துவைத்தாள். மூடவில்லை.

மறுநாள் விடியும் முன் படகு போயிற்று. வெயில் நன்றாக ஏறிய பிறகும் திரும்பவில்லை. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அப்பா பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் இங்கும் அங்கும் நடந்தார். "துடுப்புப் போட்டுக்கினு வரானுங்க போல" என்றார் யாரோ. அத்தை மட்டும் குந்தியபடியே இருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"வருது," என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் அலையும்தான். அப்புறம் வெகு நேரம் கழித்து, கொசு முனகுவது போல ஒன்று எனக்கும் கேட்டது. அலைகளுக்கு மேல் ஒரு புள்ளி ஏறி இறங்கியது. படகு கனத்து, மூக்கு தாழ்ந்து வந்தது. அவ்வளவு மீன்.

மணலில் மீனைக் கும்பல் கும்பலாகக் குவித்துப் பங்கு வைத்தார்கள். அங்கே ஒரு வழக்கம். படகுக்காரர் ஒவ்வொரு கும்பலையும் காட்டிச் சொந்தக்காரர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆம்பிளை முன்னால் வந்து அள்ளிக்கொள்வார். படகு, வலை, ஆட்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடிந்தது. ஒரு கும்பல் பாக்கி. அதுதான் மோட்டார் பங்கு. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அண்ணன் என்கிற முறையில் ஓரடி முன்னால் வைத்தார்.

"நீ இரு அண்ணாத்த," என்றார் படகுக்காரர், மரியாதையாகத்தான். "மோட்டாரு உன்னுது இல்ல."

பிறகு அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தக் குப்பத்தில் அதுவரை அவளை எல்லோரும் இன்னாருடைய பெண்சாதி என்றுதான் சொன்னார்கள். அவர் போனபின் அதையும் சொல்லத் தயங்கி, 'மோட்டாரு வூட்டுக்காரி' என்றார்கள். அப்பாவுக்கு அவள் 'ஏ', எனக்கு அத்தை. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவள் இன்னும் நன்றாக இருக்கிறாள், எழுதினால் போன் போட்டுத் திட்டுவாள். கரையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டி, கூடையோடு நடந்து போய், குனிந்து தன் பங்கை அள்ளினாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மத்தியான பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும் ஏறினோம். அப்பா கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். கடலோரத்தில் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுவிட்டார், வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று நினைத்து நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிய ஆரம்பித்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"அவ பொறந்தப்போ எங்க நைனா வேற பேருதான் சொன்னாரு," என்றார். "நான்தான் அழுது அடம்புடிச்சி அந்தப் பேர வெக்கச் சொன்னேன்."